டாக்கிங்கில் மைனஸ் 9.2 வந்த பிறகு

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஆச்சிக்கு மார்பகப் புற்றுநோய், ஹெர்2 பாசிட்டிவ். அதாவது, செல்லின் மேல் நின்று வளர்ச்சிச் செய்தியை வாங்கும் ஹெர்2 என்ற புரதம் (ஏற்பி) கட்டியில் மிகுதி. அந்த ஏற்பியைப் பிடிக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். அது பெரிய ஆன்டிபாடி, விலையும் கூடுதல். அதே ஏற்பியை ஒரு சின்னப் பெப்டைடால் (குட்டி அமினோ அமிலச் சங்கிலி) அடைக்க முடியாதா என்று யோசித்து, இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியிலிருந்து ஒன்பது அமினோ அமிலம் கொண்ட துண்டை எடுத்திருக்கிறார். அதை, இஜிஎஃப் ஒட்டும் இஜிஎஃப்ஆர் ஏற்பியின் 1எம்17 என்ற கட்டமைப்பில் டாக்கிங் செய்ததில், அதாவது எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று கணினியில் கணித்ததில், மோலுக்கு மைனஸ் 9.2 கிலோகலோரி வந்திருக்கிறது. எண் கீழே போகப் போகப் பிடி இறுக்கம் என்று கணக்கு. "அண்ணாச்சி, இது மருந்தாகுமா? அடுத்து என்ன செய்யணும்?" என்கிறார்.

தம்பி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் துண்டு மருந்தாகாது. ஆனால் கேள்வியில் தப்பில்லை. பெப்டைட் செய்து பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் பலர் இதே கேள்வியோடுதான் காலையில் லேபைத் திறக்கிறோம்.

1எம்17 எந்த இடத்தின் படம் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். அது இஜிஎஃப்ஆரின் கைனேஸ் பகுதி, பாஸ்பேட் ஏற்றும் நொதி. எர்லோடினிப் என்ற புற்றுநோய் மாத்திரையின் மூலக்கூறு உள்ளே உட்கார்ந்திருக்கும் நிலையில் எடுத்தது. கைனேஸ் பகுதி இருப்பது செல்லுக்கு உள்ளே. எர்லோடினிப் 400 டால்டனுக்கும் (மூலக்கூறு எடையின் அலகு) குறைந்த, கொழுப்பில் கரையக்கூடிய சின்ன மூலக்கூறு, அதனால் சவ்வைத் தாண்டிப் போய்விடும். உங்கள் துண்டு சுமார் ஆயிரம் டால்டன். அதன் முதுகெலும்பு நெடுக அமைடுகள் தண்ணீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு மின்னூட்டம் உள்ள பக்கச் சங்கிலிகள் வேறு. அது கொழுப்புச் சவ்வுக்குள் நுழையாது. தெருவில் நிற்கிற ஆளை அடுப்படிக்குள் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நடுவில் சவ்வு ஒன்று இருப்பது டாக்கிங் மென்பொருளுக்குத் தெரியாது.

ஆக, பெப்டைடுக்குரிய இடம் ஏற்பியின் வெளிப்பகுதிதான். அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மருந்து வடிவமைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இஜிஎஃப்ஆரின் வெளிப்பகுதி நான்கு துண்டுகளாக மடிந்திருக்கும். சும்மா இருக்கும்போது இரண்டாம் துண்டிலிருந்து நீளும் ஒரு கை, நான்காம் துண்டோடு கோத்துக்கொண்டு மடங்கிக் கிடக்கும். இஜிஎஃப் வந்து முதல் துண்டையும் மூன்றாம் துண்டையும் ஒருசேரப் பிடிக்கும்போது அந்தக் கோப்பு விடுபட்டுக் கை வெளியே நீள்கிறது. பக்கத்து ஏற்பியின் கையும் அப்படியே நீண்டிருந்தால் இரண்டும் கோத்து ஜோடி சேர்ந்துகொள்கின்றன. வெளியே ஜோடி சேர்ந்ததும் உள்ளே இரண்டு கைனேஸ்களும் நெருங்கி, ஒன்று மற்றொன்றைத் தட்டி எழுப்ப, 'வளரு, பிரி' என்ற செய்தி கிளம்பிவிடுகிறது.

ஹெர்2 இதே குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. அதன் கை எப்போதும் நீட்டியபடியே இருக்கும். அதற்கென்று ஒரு வளர்ச்சிக் காரணி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இஜிஎஃப் அதில் ஒட்டாது. அப்படியென்றால் இஜிஎஃப்பின் துண்டை வைத்து ஹெர்2-வை அடைப்பது எப்படி? அடைக்க அங்கே துவாரமே இல்லை. ஜோடி சேருவதைத்தான் தடுக்க வேண்டும். பெர்டுசுமாப் என்ற இன்னொரு ஆன்டிபாடி செய்வது அதுதான், இரண்டாம் துண்டின் அந்தக் கையையே பிடித்துக்கொள்கிறது. ஆச்சி எடுக்கும் ட்ராஸ்டுசுமாப் சவ்வுக்கு அருகே நான்காம் துண்டில் உட்கார்கிறது. இரண்டும் ஒரே ஏற்பியில் வெவ்வேறு இடங்கள், அதனால்தான் சில நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

இஜிஎஃப்பிலிருந்து துண்டு வெட்டியதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முழு இஜிஎஃப்பில் 53 அமினோ அமிலங்கள். அவற்றை மூன்று டைசல்பைடு பாலங்கள் (இரண்டு சிஸ்டைன்களின் கந்தகம் கோப்பது) இறுக்கிக் கட்டி உருவம் கொடுக்கின்றன. (பிறந்த எலிக்குட்டிகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்டபோது கண் சீக்கிரமாகத் திறந்ததைக் கவனித்துத்தான் ஸ்டான்லி கோஹன் இதைப் பிடித்தார். 1986-இல் நோபல் பரிசு.) ஒன்பதை மட்டும் நறுக்கி எடுத்தால் பாலம் போய்விடும், உருவமும் போய்விடும். பத்தமடைப் பாயிலிருந்து ஒரு கோரையை உருவி எடுத்துவிட்டு, பாயின் பூ வேலையை அதில் தேடக் கூடாது.

அந்த மைனஸ் 9.2-க்கு வருவோம். அதை அப்படியே நம்பினால்கூடப் பிணைப்பு வலு சுமார் 180 நானோமோலார்தான் (இந்த எண் குறையக் குறையப் பிடி இறுக்கம்). நல்ல ஆன்டிபாடிகள் சில நானோமோலாரிலோ அதற்கும் கீழேயோ பிடிக்கும். சரி, நம்பவாவது முடியுமா என்றால் அதுவும் இல்லை. ஒன்பது அமினோ அமிலச் சங்கிலியில் திரும்பக்கூடிய பிணைப்புகள் நாற்பதுக்குப் பக்கம் வரும். ஆட்டோடாக் 4 என்ற டாக்கிங் மென்பொருளில் உச்சவரம்பே 32. மாத்திரை அளவு மூலக்கூறுகளுக்காக எழுதிய மென்பொருள் அது. அணு கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும் என்பது இன்னொரு கோளாறு. பெரிய பெப்டைடு எதைப் போட்டாலும் 'நல்ல' எண் வரும். இதைச் சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. அதே ஒன்பது அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் குலுக்கி, பத்து பெப்டைட் செய்து, பத்தையும் டாக் செய்யுங்கள். அவற்றுக்கும் மைனஸ் 9 வந்தால் உங்கள் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஏராளமான புராஜெக்ட் அறிக்கைகள் இந்த ஒரு சோதனையில் விழுந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் பிடிக்கும் பெப்டைடை எங்கிருந்து எடுப்பது? நடைமுறையில் பெரும்பாலும் ஃபேஜ் டிஸ்ப்ளேதான். ஜார்ஜ் ஸ்மித் 1985-இல் காட்டிய முறை, 2018-இல் நோபல் பரிசு பெற்றது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேல்தோலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெப்டைட் என்று நூறு கோடி வகை வரைக்கும் ஒட்டவைத்து, ஏற்பி பூசிய தட்டில் ஊற்றிக் கழுவுவார்கள். ஒட்டியதை மட்டும் எடுத்துப் பெருக்கி மறுபடி ஊற்றுவார்கள். மூன்று நான்கு சுற்று. நம் வீட்டில் சுளகில் புடைப்பது போலத்தான். பதர் பறந்து மணி நிற்கும். ஆனால் கல்லும் நிற்கும். ஏற்பியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும் பெப்டைடுகள் சுற்றுக்குச் சுற்று தேறி மேலே வந்துவிடும். இந்தத் துறையில் ஏமாறாதவர் யாரும் கிடையாது.

இஜிஎஃப்ஆருக்கு இப்படி 2005-இல் வந்தது ஜிஇ11. பன்னிரண்டு அமினோ அமிலம். முதலில் சொன்ன பிணைப்பு வலு சுமார் 22 நானோமோலார். முக்கியமாக, அது ஒட்டினாலும் செல்லை வளரத் தூண்டுவது மிகக் குறைவு. பிறகு சில ஆய்வகங்கள் தனி பெப்டைடாக அளந்தபோது அவ்வளவு இறுக்கம் தெரியவில்லை. நானோ துகளின் மேல் பல பிரதிகளாக ஒட்டவைத்தால் நன்றாகப் பிடிக்கிறது. அதனால் அது அடைப்பானாகப் பெரிதாக எடுபடாமல், மருந்தைச் சுமந்துபோகும் வண்டியாகத்தான் அதிகம் பயன்படுகிறது.

ஒட்டுவது வேறு, அடைப்பது வேறு என்பதை நான் உணர்ந்தது லியூப்ரோலைடின் கதையைப் படித்தபோது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 1985-லிருந்து பயன்பாட்டில் இருக்கும் ஒன்பது அமினோ அமில மருந்து. மூளையிலிருந்து வரும் ஜிஎன்ஆர்ஹெச் ஹார்மோனின் சற்றே திருத்திய நகல். அது ஏற்பியை அடைப்பதே இல்லை, தூண்டுகிறது! முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறவே செய்யும், சிலருக்கு எலும்பு வலியும் கூடும். விடாமல் காலிங் பெல்லை அழுத்தினால் வீட்டுக்காரர் பெல்லையே கழற்றி வைத்துவிடுவார் இல்லையா, அதுபோலச் செல் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ள, ஹார்மோன் அடங்கிவிடுகிறது. நிஜமாகவே அடைக்கும் பெப்டைடுகளில் ஒன்றான டெகரெலிக்ஸ் 2008-இல் வந்தது. அதில் பத்து அமினோ அமிலங்கள், பலவும் இயற்கையில் இல்லாத வடிவங்கள். லியூப்ரோலைடின் வித்தை ஜிஎன்ஆர்ஹெச் ஏற்பியில் பலித்தது. இஜிஎஃப்ஆரில் அப்படிச் செய்தால், அடங்குவதற்கு முன் கட்டி வளர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே உங்கள் பெப்டைட் ஒட்டுகிறது என்று தெரிந்த மறுநாளே, அது ஏற்பியைத் தூண்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, அடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அது உடம்பில் எத்தனை நிமிடம் இருக்கும்? சாதாரண நேர்ச்சங்கிலிப் பெப்டைடை ரத்தத்தில் விட்டால் நொதிகள் நறுக்கிவிடும். லைசின், ஆர்ஜினின் பக்கம் ஒரு நொதி வெட்டும், ஃபினைலலனின், டைரோசின் பக்கம் இன்னொன்று. தப்பித்ததைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். ட்ராஸ்டுசுமாப் 1,48,000 டால்டன் என்பதால் வடிகட்டியில் சிக்காமல் வாரக்கணக்கில் சுற்றுகிறது. நீங்கள் குறை என்று நினைத்த அந்தப் பெரிய உருவமும் சேர்ந்துதான் ஆச்சியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஆஸ்பத்திரிக்கு வரவைக்கிறது.

இந்த நொதித் தொல்லையைத் தாண்டியதற்கு நல்ல உதாரணம் ஆக்ட்ரியோடைட். ஒரு பெப்டைட் மருந்தாக மாறுவதை எழுத்தெழுத்தாக இதில் பார்க்கலாம். சோமடோஸ்டாட்டின் என்ற ஹார்மோனில் 14 அமினோ அமிலம், ரத்தத்தில் அரை ஆயுள் இரண்டு மூன்று நிமிடம். ஏற்பியைத் தொடுவது நடுவிலுள்ள நான்குதான்: ஃபினைலலனின், டிரிப்டோபான், லைசின், திரியோனின். மற்றதைக் கழித்தார்கள். அந்த நான்கின் இருபுறமும் ஒவ்வொரு சிஸ்டைன் வைத்துப் பாலம் போட்டு வளையமாக்கினார்கள். நடுவிலுள்ள டிரிப்டோபானை அதன் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவத்துக்கு மாற்றினார்கள். வலது கைக் கையுறையில் இடது கை நுழையாதது போல, வெட்ட வரும் நொதிக்கு அது பொருந்தாது. தலைப்பக்கம் டி-ஃபினைலலனின், வால்பக்கம் அமிலத்துக்குப் பதில் ஆல்கஹாலாக முடியும் திரியோனினால். மொத்தம் எட்டு. அரை ஆயுள் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. 1988-இல் அமெரிக்காவில் அனுமதி.

வளையம் எதற்கு? தளர்ந்த கயிறு ஏற்பியில் உட்கார வேண்டுமானால் தன் ஆட்டத்தையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவு. முன்னாலேயே சரியான வடிவத்தில் கட்டிவைத்தால் அந்தச் செலவு மிச்சம். எந்த அமினோ அமிலம் எந்தக் கோணத்தில் வளையும், எதில் முட்டிக்கொள்ளும் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து ஜி.என்.ராமச்சந்திரனும் சகாக்களும் வரைபடமாகப் போட்டார்கள். வளையத்தில் எங்கே கிளைசின், எங்கே புரோலின், எங்கே டி-அமிலம் என்று முடிவெடுக்க நான் இன்றைக்கும் அந்த வரைபடத்தைத்தான் பார்க்கிறேன்.

சிறுநீரகப் பிரச்சினைக்கு ஒரு வழியை இப்போது சர்க்கரை நோயாளிகளே அறிவார்கள். ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் இரண்டு நிமிடத்தில் சிதையும். நொதி வெட்டும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, சங்கிலியின் வேறோர் இடத்தில் ஒரு கொழுப்பமில வாலைத் தொங்கவிட்டார்கள். அந்த வால் ரத்தத்தில் ஓடும் ஆல்புமினைப் பற்றிக்கொண்டு வலம்வருகிறது. அதுதான் வாரம் ஒரு ஊசி போடும் செமாகுளுடைட். உங்கள் பெப்டைடிலும் வால் கட்டலாம். ஆனால் ஆல்புமினில் தொங்கும்போது ஏற்பியைப் பிடிக்கும் வலு குறையலாம், கட்டிக்குள் ஊடுருவுவதும் மெதுவாகும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

என்னைக் கேட்டால், பெப்டைடை அடைப்பானாக்கப் பாடுபடுவதைவிட அதன் இயல்புக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பது மேல். சீக்கிரம் ஒட்டி, ஒட்டாதது சீக்கிரம் வெளியேறுவது அடைப்பானுக்குக் குறை, படம் பிடிக்கவோ அதுவே வரம். அதே ஆக்ட்ரியோடைட் குடும்பத்துப் பெப்டைடில் கதிரியக்கமுள்ள காலியம்-68 கட்டினால் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரியும். லுட்டீசியம்-177 கட்டினால் கட்டிக்குள்ளேயே கதிர்வீச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கும். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்குப் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுபவை) புழக்கத்தில் இருக்கிறது. ஹெர்2-வுக்கு 58 அமினோ அமிலம் கொண்ட அஃபிபாடி என்ற சின்னப் புரதம் உண்டு. மூன்று சுருள்கள் சேர்ந்த கட்டு. பிடிமானம் 22 பிகோமோலார் (ஆயிரம் பிகோமோலார் ஒரு நானோமோலார்)! அதைப் பெரும்பாலும் படம்பிடிக்கவே முயன்றிருக்கிறார்கள்.

மேலேயே அடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விடும் நாளில் வயலில் நின்றவர்களுக்கு இது தெரியும். மடையை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும், கீழே கால்வாய்க் கரை உடைந்திருந்தால் வயலில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். குடல் புற்றுநோயில் கேராஸ் மரபணு திரிந்திருந்தால் இஜிஎஃப்ஆரை அடைக்கும் செடுக்சிமாப் என்ற ஆன்டிபாடி வேலை செய்யாது. ஏற்பிக்குக் கீழே செய்தி தானாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த மருந்துக்கு முன்னால் மரபணுச் சோதனை கேட்கிறார்கள்.

சிலெங்கிடைட் என்ற வளையப் பெப்டைடும் நினைவில் இருக்கட்டும். ஐந்தே அமினோ அமிலம், அழகான வடிவமைப்பு. இன்டெக்ரின் என்ற வேறு ஏற்பியை அடைத்து ரத்தக்குழாய் வளர்வதை நிறுத்த வந்தது. மூளைக் கட்டியில் செய்த மூன்றாம் கட்ட ஆய்வு 2014-இல் வெளியானது, நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. மிகக் குறைந்த அளவில் அது ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டவும் கூடும் என்று எலிகளில் முன்பே கண்டிருந்தார்கள்.

இனி லேப் பக்கம். பெப்டைடைச் செய்வது மெரிஃபீல்ட் 1963-இல் சொன்ன வழிதான். ரவை போன்ற பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டி, ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு கோப்பும் முடிந்ததா என்று அறிய நாலைந்து மணிகளைச் சின்னக் குழாயில் போட்டு நின்ஹைட்ரின் சொட்டு விட்டுச் சூடாக்குவோம். மணி நீலமானால் கோப்பு முழுசாக முடியவில்லை, மறுபடி ஓட்ட வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் அடுத்ததுக்குப் போகலாம். நீலத்தைப் பார்த்தும் 'பரவாயில்லை' என்று தாண்டிப் போனால் கணக்கு கடைசியில் கடிக்கும். முப்பது அமினோ அமிலப் பெப்டைடில் ஒவ்வொரு படியும் 99 சதவீதம் முடிந்தால் இறுதியில் 75 சதவீதம் சரியான சங்கிலி கிடைக்கும். 95 என்றால் வெறும் 23. கடைசியில் அமிலம் ஊற்றிப் பிசினிலிருந்து கழற்றிக் குளிர்ந்த ஈதரில் விட்டால் பால் திரிந்தாற்போல வெள்ளையாக இறங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதற்குள் எத்தனை அரைகுறைச் சங்கிலிகள் என்பதைக் கலவையைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சிதான் சொல்லும்.

பொடியை மைனஸ் 20-இல் வைப்போம். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதத்தில் நான் அப்படித் திறந்து, ஒரு நிமிடத்தில் காற்றின் ஈரம் இறங்கி, பொடி குப்பியின் அடியில் அல்வா போல ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் வெளியே வைத்து, அறைச் சூடு வந்த பிறகு திறக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவசரம். சிஸ்டைன் இருந்த அந்தப் பெப்டைட் ஒன்றோடொன்று பாலம் போட்டுக்கொண்டு, அடுத்த ஓட்டத்தில் இரட்டை எடையில் வந்து நின்றது.

செல் சோதனைக்கு ஏ431 என்ற புற்றுநோய்ச் செல்கள் வசதி, இஜிஎஃப்ஆர் லட்சக்கணக்கில் இருக்கும். அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்தேன். என் பெப்டைட் செல்களைக் கொன்றது என்று எம்டிடி சோதனையில் (செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் காட்டுவது) கண்டு இரண்டு நாள் தரையில் கால் படவில்லை. வரிசை குலுக்கிய பெப்டைடும் அதே வேகத்தில் கொன்றது மூன்றாம் நாள் தெரிந்தது. நேர் மின்னூட்டமும் எண்ணெய்ப் பக்கமும் சேர்ந்த பெப்டைட் எந்தச் செல்லின் சவ்வையும் சோப்பு போலக் கரைத்துவிடும், ஏற்பி அதில் ஒரு சாக்கு. செல் செத்ததா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். இஜிஎஃப் கொடுத்த பிறகு ஏற்பியின் டைரோசினில் பாஸ்பேட் ஏறுகிறதா, உங்கள் பெப்டைட் அதைக் குறைக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) பாருங்கள். பெப்டைடை மட்டும் கொடுத்து, பாஸ்பேட் ஏறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுத்திகரிப்பில் ஒட்டி வரும் டிரைஃபுளூரோஅசிடேட் உப்பும் செல் வளர்ச்சியில் கைவைக்கும். அசிடேட்டாக மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இந்த செமஸ்டருக்கு உங்களால் முடிகிற வேலை ஒன்று சொல்கிறேன். 1எஸ்78-ஐ இறக்குங்கள், ஹெர்2-வோடு பெர்டுசுமாப் இருக்கும் கட்டமைப்பு. ஆன்டிபாடியின் எந்த வளையம் அந்த நீண்ட கையைத் தொடுகிறது என்று திரையில் சுழற்றிப் பாருங்கள். தொடும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக, பக்கச் சங்கிலி மிகச் சிறிய அலனினாக மாற்றி, எது போனால் பிடி போகிறது என்று கணக்கிடுங்கள். மிஞ்சுவதைச் சுற்றி வளையம் கட்டுங்கள். டாக்கிங்கைப் பெப்டைடுக்கென்றே எழுதிய ஃப்ளெக்ஸ்பெப்டாக்கிலோ, பெப்டைடுக்கும் பயன்படும் ஹாடாக்கிலோ ஓட்டுங்கள், குலுக்கிய வரிசைகளோடு சேர்த்து. அதில் உங்கள் வளையம் தனித்து நின்றால் எழுதுங்கள், மேலே பேசலாம்.

ஆச்சி விஷயம். ஊசியை எதற்காகவும் தள்ளிப்போட வேண்டாம். ஹெர்2 கட்டியில் மட்டும் இல்லை, இதயத் தசையும் தன்னைக் காத்துக்கொள்ள அதையே நம்பியிருக்கிறது. அதை அடைக்கும் எந்த மருந்தும், நாளை நீங்கள் செய்யப்போகும் பெப்டைடும் சேர்த்து, இதயத்தின் பக்கம் ஒரு கண் வைத்தே கொடுக்கப்பட வேண்டும். ட்ராஸ்டுசுமாப் ஓடும் காலத்தில் வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பார்கள். ஆச்சிக்கு அடுத்தது எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.